தவளைக் காரில் எரிந்த மாலை

தம்பிமாரே, கரண்ட் வருகிறதா என்று பார்க்க டெஸ்ட் லாம்ப்பைக் கையில் எடுத்ததும் நீங்கள் முதலில் என்ன செய்கிறீர்கள்? அதன் கிளிப்பைக் கொண்டுபோய் வண்டியின் பாடியில் கடிக்க விடுகிறீர்கள். யாரையும் கேட்பதில்லை. பாட்டரியின் மைனஸ் பாடியோடு சேர்ந்திருக்கும் என்பதைத் தொழிலுக்கு வந்த முதல் வாரமே உங்கள் கை கற்றுக்கொண்டுவிடுகிறது. என் கையும் அப்படித்தான் கற்றது. கோவில்பட்டியில் முப்பத்தெட்டு வருஷம் ஆட்டோ எலக்ட்ரீசியனாக இருந்துவிட்டுக் கடையை மூடியவன் நான். லாரி, டிராக்டர், தீப்பெட்டி ஏற்றுகிற வேன் என்று எத்தனைக்கு வயர் இழுத்தேனோ, எனக்கே கணக்குத் தெரியாது. அத்தனையிலும் பாடி மைனஸ்தான். ஒரே ஒரு வண்டியைத் தவிர.

அந்த வண்டியைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். நான் கெட்டிக்காரத்தனமாக ஏதோ கண்டுபிடித்த கதை என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்து டீ குடிக்கப் போகலாம். இது நான் ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு உலைவைக்கப் பார்த்த கதை.

ஊரில் அதற்குத் தவளைக் கார் என்று பெயர். இரண்டு ஹெட்லைட்டும் பானட்டின் மேலே முழித்துக்கொண்டு நிற்கும். கீழே கிரில் வாயைப் பிளந்து சிரிக்கும். இங்கிலாந்திலேயே அதைத் தவளைக்கண் என்றுதான் செல்லமாகச் சொல்வார்களாம். எங்கள் தெருப் பிள்ளைகள் யாரும் இங்கிலாந்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து அந்தப் பெயரை வைக்கவில்லை. பார்த்தால் அப்படித்தான் கூப்பிடத் தோன்றும், அவ்வளவுதான்.

ஐம்பதுகளின் கடைசியில் வந்த வண்டி அது. பெரிய வசதியில்லாத இளவட்டங்களும் பந்தயக் கார் ஓட்டுகிற சுகத்தை அனுபவிக்கட்டும் என்று செய்தார்கள். தங்களுடைய சாதாரணக் குடும்பக் காரின் இன்ஜினையே எடுத்து, மேலே சின்னதாக ஓர் உடம்பைப் போர்த்திவிட்டார்கள். ஹெட்லைட்டை மடங்குகிற மாதிரி வைக்கத்தான் முதலில் யோசனையாம். செலவு கூடுகிறது என்று தெரிந்ததும் அதை அப்படியே நிமிர்த்தி வைத்துவிட்டார்கள். சிக்கனம் பார்க்கப்போய் ஒரு முகம் கிடைத்துவிட்டது. கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது; உள்ளே கையை விட்டுத் திறக்க வேண்டும். டிக்கிக்கு மூடி கிடையாது. சீட்டை மடக்கி, உள்ளே தவழ்ந்துதான் சாமானைத் தள்ள வேண்டும். பானட் மட்டும் மட்கார்டையும் சேர்த்துக்கொண்டு ஒரே துண்டாக எழும்பும். இரண்டே சீட், மேலே கூரை கிடையாது. உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டால் ரோடு தட்டிவிடுமோ என்று பயமாக இருக்கும். ஓட்டிப் பார்த்தவன் இறங்கும்போது சிரித்துக்கொண்டே இறங்குவான். முசுட்டு ஆளான நானே சிரித்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஒரு வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன வண்டி. கைமாறிக் கைமாறி எங்கள் ஊர்த் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவரிடம் வந்து சேர்ந்தது. தொழிற்சாலை என்று நாங்கள் சொல்வதில்லை. எங்களுக்கு அது ஆபீஸ்தான். அவரை அண்ணாச்சி என்றே சொல்கிறேன். இளவட்டமாக இருந்தபோது அவர் சிவகாசி அச்சாபீசிலிருந்து தீப்பெட்டி லேபிள் கட்டுகளை சீட்டுக்குப் பின்னால் திணித்துக்கொண்டு இதில்தான் பறந்து வருவார். பிறகு வேன் வந்தது, தொப்பை வந்தது, கார் குடோனுக்குள் போய்விட்டது. அவருடைய ஒரே மகள் உமா வளர்ந்த பிறகு அதை மறுபடி வெளியே இழுத்து, ஆபீஸ் காம்பவுண்டுக்குள்ளேயே அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் உமாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அது சும்மா நிச்சயமாகவில்லை. அதற்கு முந்தின வருஷம் ஓர் இடம் பேசி, வெற்றிலை மாற்றின மறுநாளே மாப்பிள்ளை வீட்டில் ஒரு கிழவர் போய்ச் சேர்ந்தார். எண்பத்தைந்து வயதில் படுக்கையாய்க் கிடந்தவர் போய்ச் சேர்ந்ததற்கு இந்தப் பிள்ளை என்ன செய்வாள்? ஆனால் சம்பந்தம் நின்றுபோனது. ராசியில்லாதவள் என்று ஒரு சொல் கிளம்பிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அடுத்து வந்த நாலு ஜாதகமும் அந்தச் சொல்லைக் கேட்டுத் திரும்பிப் போயின. ஐந்தாவதாக வந்ததுதான் இந்த மாப்பிள்ளை. நல்ல பையன். தகப்பன் இல்லை; தாய்மாமன் வளர்த்து ஆளாக்கியிருந்தார். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

இந்த நேரம் பார்த்து உமா ஓர் ஆசையைச் சொன்னாள். பெண் அழைப்பன்று குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு மண்டபத்துக்கு அவளே தவளைக் காரை ஓட்டி வருவாளாம்.

"வேற வண்டியில பொம்மை மாதிரி உக்காந்து வர எனக்குப் பிடிக்கலப்பா. நீங்க பக்கத்துல இருங்க. நான் ஓட்டுதேன்" என்றாள்.

அண்ணாச்சிக்கு மகள் கேட்டு மறுத்துப் பழக்கமில்லை. தாய்மாமனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவரோ பல்லி கத்தினால் எந்தத் திசை என்று பார்க்கிற ஆள். நல்ல கனத்த உடம்பு, அதற்கேற்ற குரல். "ஓட்டட்டும், படிச்ச பிள்ளை. மருமகனும் ஆசைப்படுதான். ஆனா ஒண்ணு அண்ணாச்சி. குலதெய்வத்தைக் கும்பிட்டுப் பொறப்பட்ட வண்டி வழியில நிக்கப்பிடாது. நின்னா என் மனசு ஒப்பாது. இப்பவே சொல்லிப்புட்டேன்" என்றார்.

அண்ணாச்சி நேரே என் கடைக்கு வந்தார். "தம்பி, உன்னை நம்பித்தான் வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன்" என்றார். நானும் மீசையைத் தடவிக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

என்னென்ன வேலை பார்த்தேன் என்பதை விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகளில் பாட்டரியின் பிளஸ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். நமக்கெல்லாம் தலைகீழ். இது எனக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரியும். பானட்டுக்கு அடியில் 'பாடி பிளஸ், ஜாக்கிரதை' என்று சிவப்புப் பெயின்டில் நானே கொட்டை எழுத்தில் எழுதி வைத்தேன். கடைக்கு வந்து போகிற டிரைவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டிப் பெருமையடித்தேன்.

அண்ணாச்சி ஒரு கேசட் செட்டும் வைக்கச் சொன்னார். வழியெல்லாம் நாகஸ்வரம் கேட்க வேண்டுமாம். கடையில் கிடைக்கிற செட்டுக்கு வெளித்தகடு மைனஸ். இந்த வண்டிக்குப் பாடி பிளஸ். இரண்டும் தொட்டால் ஷார்ட். அதனால் பலகை வைத்து, சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றி, தகடு எங்கேயும் படாமல் டேஷ்போர்டுக்குக் கீழே நடுவில் தொங்கவிட்டேன். பாட்டரியிலிருந்து நேராகத் தனி வயர் கொடுத்தேன். அந்த வயரில் ஒரு பியூஸ் போட்டிருக்க வேண்டும். கையில் பியூஸ் ஹோல்டர் தீர்ந்துபோயிருந்தது. ஒருநாள் கூத்துக்கு மீசையைச் சிரைப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

பெண் அழைப்பு நாளான வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். பசுவந்தனைப் பக்கம் ஒரு கிராமத்தில்தான் அவர்களுடைய குலதெய்வம். முன்னால் தவளைக் காரில் உமாவும் அண்ணாச்சியும். பின்னால் அம்பாசடரில் மாப்பிள்ளையின் தாய்மாமன். பெண் அழைக்க வந்திருக்கிறவர் அவர். முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் டூல்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு நான். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் பெண் மண்டபத்தில் காலெடுத்து வைத்துவிட வேண்டும்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. தவளைக் கார் துள்ளிக்கொண்டு போனது. கடலைச் செடிக்கு நடுவே நின்ற ஆட்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். கோவிலில் பொங்கல் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசாரி வண்டிக்கென்று ஒரு மாலையைக் கொடுத்தார். நல்ல பெரிய மாலை. ஜிகினா சுற்றி, தொய்யாமல் நிற்கவென்று உள்ளே மெல்லிய கட்டுக்கம்பி ஒன்றும் கோத்திருந்தது.

உமா அதை வாங்கி என்னிடம் நீட்டினாள். "அண்ணே, நீங்களே போடுங்க. உங்க கையாலதான இதுக்கு உயிர் வந்துச்சு."

நம்மை யார் அப்படிச் சொல்வார்கள்? ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை எத்தனை வண்டிக்கு மாலை போட்டிருப்பேன்! ஒரு முனையைச் செட்டின் திருகில் மாட்டுவேன், மறுமுனையை முன்கண்ணாடிச் சட்டத்தில் செருகுவேன். வழக்கமாகச் செய்கிறது. அன்றைக்கும் அதையேதான் செய்தேன். செட்டின் தகடு மைனஸ், பாடியோடு சேர்ந்த கண்ணாடிச் சட்டம் பிளஸ். நடுவில் கம்பி கோத்த மாலை. இரண்டையும் தொடவிடாமல் இரண்டு நாள் ரப்பர் சுற்றிய அதே கை, சாமி கும்பிட்ட சந்தோஷத்தில் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது. பாடி பிளஸ் என்று எழுதியவனும் நான்தான், மறந்தவனும் நான்தான்.

பூவும் ஜிகினாவும் நடுவில் இருந்ததால் முதலில் ஒன்றும் ஆகவில்லை. ரோட்டில் குலுங்கிக் குலுங்கிக் கம்பி தகட்டைத் தொட வேண்டியிருந்தது. ஊருக்கு எட்டு கிலோமீட்டர் இருக்கும்போது தொட்டுவிட்டது. நாகஸ்வரம் திடீரென்று இழுத்து இழுத்து அழ ஆரம்பித்ததாகப் பிறகு உமா சொன்னாள். பின்னால் வந்த எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. அண்ணாச்சியின் முகத்துக்கு நேரே புகை எழும்புவதுதான் தெரிந்தது. அடுத்த நிமிஷம் மாலை எரிந்தது.

"மாலைல தீ! ஏலே, மாலைல தீ!" என்று தாய்மாமன் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

உமா பதறவில்லை. வண்டியை ரோட்டோரமாகக் கரிசலில் இறக்கி நிறுத்தினாள். அம்பாசடர் நிற்பதற்கு முன்பே நான் குதித்து ஓடினேன். மாலையை அப்படியே கையால் பிடித்து இழுத்தேன். உள்ளே கம்பி சிவந்து கிடந்தது. உள்ளங்கையில் கோடு இழுத்துவிட்டது. தூக்கி எறிந்தேன். அதற்குள் பாட்டரியிலிருந்து வந்த என் வயரும் ரப்பர் உருகி அண்ணாச்சியின் காலடியில் புகைந்துகொண்டிருந்தது. உமா பட்டுப் புடவையோடு கதவைத் தாண்டிக் குதித்தாள். இரண்டு கையாலும் கரிசல் மண்ணை அள்ளி அள்ளி வயர்மேல் போட்டாள். நான் கட்டிங் பிளையரால் வயரை வெட்டினேன். எல்லாம் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. யாருக்கும் ஒன்றுமில்லை. அண்ணாச்சியின் வேட்டியில் மட்டும் ஓர் ஓட்டை.

தாய்மாமன் கருகிக் கிடந்த மாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். குலதெய்வத்து மாலை. பெண் ஏறிவந்த வண்டியில் எரிந்த மாலை. அவர் மனசில் என்ன ஓடுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை.

கடைசியில் மெதுவாகச் சொன்னார். "பிள்ளைய நம்ம கார்ல ஏத்துங்க அண்ணாச்சி. மண்டபத்துக்குப் போயிப் பேசிக்கிடுவோம்."

தம்பிமாரே, பேசி முடித்த கல்யாணத்தில், மண்டபத்தில் பந்தி நடக்கிற நேரத்தில், மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனுஷர் 'பேசிக்கிடுவோம்' என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அண்ணாச்சிக்கு அது புரிந்துவிட்டது. அப்படியே காரின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் என்னால. இந்தச் சனியனை நான் வெளிய எடுத்திருக்கப்பிடாது" என்றார்.

மாலையின் கம்பியை நான் பார்த்தேன். ஒரு முனை உருகி உருண்டு நின்றது. பார்த்த மாத்திரத்தில் நடந்தது முழுவதும் விளங்கிவிட்டது. எனக்கு விளங்கியது, வேறு யாருக்கும் விளங்காது. அந்த ஜில்லாவிலேயே விளங்காது. பழைய வண்டி, வயர் இற்றுப்போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் கடைக்கு ஒரு கெட்ட பெயரும் வராது. உண்மையைச் சொன்னால்? மணப்பெண்ணின் வண்டிக்குத் தீவைத்தவன் கடையில் எந்த ஆபீஸ்காரன் வேனைக் கொண்டுவந்து விடுவான்? எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இரண்டு நிமிஷம் இருக்கும். அந்த இரண்டு நிமிஷத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மாலையைத் தப்பாகப் போட்டதற்குக்கூட நான் அவ்வளவு வெட்கப்படவில்லை.

உமா என் கையைப் பார்த்தாள். முந்தானையைத் தண்ணீரில் நனைத்து உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "நீங்க என்னண்ணே செய்வீங்க? என் ராசி அப்படி" என்றாள்.

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் ஒருவேளை நான் இன்னும் கொஞ்சநேரம் ஊமையாக நின்றிருப்பேன். அவள் அழவில்லை. அதை நம்பிவிட்டிருந்தாள். எனக்கு அங்கேயே செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

"உன் ராசியுமில்ல, ஒரு மண்ணுமில்ல" என்று கத்தினேன். "அண்ணாச்சி, தீ வச்சது நான்."

எல்லோரும் திரும்பினார்கள். சொன்னேன். பாடி பிளஸ், செட் மைனஸ், மாலைக்குள் கம்பி, நானே கட்டினேன், பியூஸும் போடவில்லை. ஒன்றையும் விடவில்லை. தாய்மாமன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்யா, அவிய வீட்டுச் சோத்தைத் திங்கதுக்காக நீரு பழியை ஏத்துக்கிடுதீரோ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உண்மையைச் சொன்னால் மட்டும் போதாது, அதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். மணி பத்தாக இன்னும் பத்து நிமிஷம்தான் இருந்தது.

"உங்க வண்டி பானட்டைத் திறக்கச் சொல்லுங்க" என்றேன். கருகின மாலையிலிருந்து அந்தக் கம்பியையே உருவினேன். பிளையரில் பிடித்துக்கொண்டு, அம்பாசடர் பாட்டரியின் மைனஸில் ஒரு முனையை வைத்து, மறுமுனையால் பாடியைத் தொட்டேன். ஒன்றுமில்லை. தேய்த்துக் காட்டினேன். ஒன்றுமேயில்லை. பிறகு தவளைக் காரின் பானட்டைத் தூக்கி, அதே கம்பியை அதன் பாட்டரியின் மைனஸில் வைத்துப் பாடியைத் தொட்டேன். படீரென்று நெருப்பு பறந்தது. தாய்மாமன் இரண்டு அடி பின்னால் போனார். இந்த வேலையை நீங்கள் யாரும் செய்து பார்க்காதீர்கள், பாட்டரி வெடிக்கும். அன்றைக்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"அதே கம்பிதான். சாமிக்குக் கோவம்னா ரெண்டு வண்டிலயும்லா பொறி பறக்கணும்? உங்க வண்டிக்கு ஒண்ணும் ஆகலியே" என்றேன்.

"கொண்டாரும் அதை" என்று பிளையரை வாங்கினார். அம்பாசடரில் வைத்தார். பயந்து பயந்துதான் வைத்தார். ஒன்றுமில்லை. இங்கே வந்து வைத்தார். பொறி பறந்ததும் பிளையரைக் கீழே போட்டுவிட்டு, "அட கருமமே!" என்றார். மறுபடியும் எடுத்து அம்பாசடரில் வைத்துப் பார்த்தார். பச்சைப் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் கிடைத்த கதைதான். நானே பிடுங்க வேண்டியதாயிற்று.

பிறகு ஆரம்பித்தார் பாருங்கள், என்னைத் திட்ட. "நீரெல்லாம் ஒரு எலக்ட்ரீசியனா? கண்ணு முதுகுலயா இருக்கு? ஒரு பொண்ணு வாழ்க்கையோட வெளையாடுதீரே, உமக்குப் பிள்ளகுட்டி இல்ல? எட்டணா பியூஸு போட வலிக்கிதோ?" என் அப்பா அம்மாவரைக்கும் போனார். நடுரோட்டில், டிரைவர் பார்க்க, போகிற மாட்டு வண்டிக்காரன் நின்று பார்க்க. எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. ஒவ்வொரு வசவும் என்மேல் விழுந்தது. அந்தப் பிள்ளை தலையில் ஒன்றுகூட விழவில்லை. இன்னும் திட்டட்டும் என்று நின்றேன்.

மூச்சு வாங்கியதும் கேட்டார். "இப்ப ஓடுமா?"

நான் உடனே தலையாட்டவில்லை. பானட்டுக்குள் பழைய வயர்க்கட்டு முழுவதையும் கையால் தடவிப் பார்த்தேன். எங்கேயும் சூடு இல்லை. நான் போட்ட தனி வயர் மட்டும்தான் வெந்திருந்தது. இங்கிலாந்தில் வெள்ளைக்காரன் போட்ட ஒன்றுக்கும் சேதமில்லை. ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். பிடித்துக்கொண்டது. லைட், ஹாரன், எல்லாம் பார்த்த பிறகுதான் "ஓடும்" என்றேன்.

"காலைலயும் இதத்தான சொன்னீரு? உம்மை எப்படி நம்புதது?"

"காலைல, என்ன கெடும்னு தெரியாமச் சொன்னேன். இப்ப என்ன கெட்டுச்சுன்னு தெரிஞ்சு சொல்லுதேன்."

அவர் கொஞ்சநேரம் அந்தத் தவளைக் காரைச் சுற்றி வந்தார். உமாவின் முழங்கைவரை கரிசல் அப்பியிருந்தது, அதையும் பார்த்தார். பிறகு அண்ணாச்சியிடம், "நீங்க என் வண்டில ஏறுங்க" என்றார்.

அண்ணாச்சிக்கு முகம் செத்துவிட்டது. "பிள்ளையும்..." என்று இழுத்தார்.

"பிள்ள ஓட்டட்டும். நான் அவகூட வாரேன். தனியா வந்தா ஒரு பேச்சு வரும். அப்பனோட வந்தா, மாலை எரிஞ்ச கதைய எவனாவது அவுத்து விடுவான். மாப்பிள்ளைக்குத் தாய்மாமனே ஏறி வந்தா எவன்லே வாயைத் திறப்பான்?"

கதவில் கைப்பிடியைத் தேடினார், காணவில்லை. உமா உள்ளே கைவிட்டுத் திறந்துவிட்டாள். அந்த உடம்பை அந்த சீட்டுக்குள் இறக்கியது ஒரு பெரும்பாடு. முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிட்டது. "ஏட்டி, மெதுவா ஓட்டு. நான் இன்னும் பேரன் பேத்தி எடுக்கல" என்றார். உமா சிரித்தாள். அன்றைக்குக் காலையிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். அண்ணாச்சி அம்பாசடருக்குள் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

எட்டு கிலோமீட்டரும் நான் முன்னால் போகிற வண்டியின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. புகை வருகிறதா, வருகிறதா என்று பார்த்தே கழுத்து வலித்துவிட்டது. பாதி தூரத்தில் தாய்மாமனின் கை மேலே போவது தெரிந்தது. சரி, போச்சு என்று நினைத்தேன். மனுஷர் ரோட்டோரம் நிற்கிறவர்களுக்குக் கையசைத்துக்கொண்டு போகிறார்! பத்து இருபதுக்கு மண்டபம். கொட்டு மேளத்துக்கு நடுவே அவரைக் காரிலிருந்து வெளியே எடுக்க நாலு பேர் வேண்டியிருந்தது. உமா கையைக் கழுவிவிட்டு வலதுகாலை எடுத்து வைத்து உள்ளே போனாள். நான் வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறைக்கிற விஷயமா இது? வேட்டியில் ஓட்டை, டேஷ்போர்டில் கரி, என் கையில் கட்டு. யாராவது கேட்கும்முன் தாய்மாமனே பந்தியில் உட்கார்ந்து கதையை ஆரம்பித்துவிட்டார். "ஒரு எலக்ட்ரீசியன் இருக்கான்யா உங்க ஊர்ல..." என்று. பிளஸ், மைனஸ், பொறி, எல்லாம் கையால் நடித்துக் காட்டினார். சாயங்காலத்துக்குள் கதையில் பாதிக் கார் எரிந்துவிட்டது. மறுநாள் தாலி கட்டும்போது எனக்குப் பட்டப்பெயரே வந்துவிட்டது: மாலைசுட்டான்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல பெயர்தான், நாக்கில் ஒட்டிக்கொண்டது. இரண்டு மூன்று ஆபீஸ்காரர்கள் வேனை வேறு கடைக்குக் கொண்டுபோனார்கள். பள்ளிக்கூடத்தில் என் மகன்கள் மாலைசுட்டான் மகன்கள் ஆனார்கள். வீட்டில் அவர்கள் அம்மா ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். தப்பு செய்தால் நம்மிடமே சொல்லிவிடுவான், வேறு கடைக்காரன் சொல்லமாட்டான் என்று ஒருவர் காரணம் சொன்னார். ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் சுருக்கென்றுதான் இருந்தது. நானும் மனுஷன்தானே.

ஒரு வேலை கெட்டுப்போனால் அதற்குக் காரணம் என்று ஒன்றை ஊர் தேடும். நீ சொன்னால் அது ரிப்பேர். நீ சொல்லாமல் நழுவினால் ஊரே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொள்ளும். அது போய் யார் தலையில் விழும் என்று உனக்குத் தெரியாது. பெரும்பாலும் திருப்பிப் பேச முடியாதவர்கள் தலையில்தான் விழும். வயரிங் டயாகிராமில் இதைப் போட்டிருக்க மாட்டார்கள்.

மூன்று வருஷம் கழித்து உமாவின் பிள்ளைக்குக் காதுகுத்து. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பந்தியில் எனக்குப் பக்கத்தில் இரண்டு அம்மாமார்கள். நான் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன உமாவைப் பார்த்து ஒருத்தி கேட்டாள், "யாருட்டி இந்தப் பொண்ணு? எங்கனயோ கேள்விப்பட்ட மாதிரி இருக்கு."

ராசியில்லாதவள் என்ற அந்தப் பழைய சொல்லைச் சொல்லிவிடுவாளோ என்று கையை இலையில் வைத்தபடி காத்திருந்தேன்.

"தெரியாதா? கல்யாணத்துக்குத் தவளைக் கார் ஓட்டிட்டு வந்தாள்லா, அவதான். எவனோ ஒரு கூறுகெட்ட எலக்ட்ரீசியன் மாலைக்குத் தீவச்சுப்புட்டானாம். கெட்டிக்காரப் பிள்ள, மண்ணை அள்ளிப் போட்டு அணைச்சிருக்கா."

நான் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டேன்.